ஏரிக்கரையில் ஒரு ஜோடி செருப்பு

செல்போன் அலறியது.

ஞானசுந்தரி எடுத்தாள். எதிர்முனையில் பக்கத்துத் தெரு இளவரசி. ஊரில் எது நடந்தாலும் இவளுக்குத்தான் முதலில் தெரியும்... சாவு உட்பட.

"யக்கா... பச்சமுத்து போய்ட்டாராம். ஏரிக்கரையில லுங்கியும் செருப்பும்தான் கீது. ஆளைக் காணோம்."



நாளைக்குச் சென்னையில் அப்பீல். அதில் பச்சமுத்துதான் சாட்சி!

காவாந்தண்டலம் வேதாசலத்தின் ஒரே மகள் அவள். அப்பா இறந்ததும், அவருடைய தம்பி மகன் வினோத்குமார் ஓர் உயிலை நீட்டினான். வீடும் நிலமும் அவனுக்காம். உயிலில் சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒன்று அவனுடைய கூட்டாளி போட்டது. அந்தக் கூட்டாளி மாவட்டக் கோர்ட்டில் கூண்டேறி, பெரியவர் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்றான். உயில் செல்லும் என்று தீர்ப்பானது.

ஞானசுந்தரி மேல்கோர்ட்டுக்குப் போனாள். அங்கே வழக்கை மறுபடி முதலிலிருந்து அலசுவார்கள். ஆனால் பழைய சாட்சியத்தை வைத்துத்தான். புதிதாக ஒருவரை விசாரிக்க கோர்ட் மனசு வைக்க வேண்டும்.

வைத்தது. இரண்டாவது கையெழுத்துக்காரர் பச்சமுத்துவைக் கூப்பிடுங்கள் என்றது.

இப்போது பார்த்தால்... செருப்புதான் மிச்சம்.

தோற்றால் அவள் தெருவுக்கு வர வேண்டியதுதான்.

மாலைக்குள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் எழும்பிவிட்டது. உபயம், வினோத்குமார். ஏரியில் இன்னும் பிணத்தைத் துழாவிக்கொண்டிருக்கிறார்கள்... அதற்குள் பேனர்! அதன் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். கைக்குட்டையில் ஈரமே இல்லை என்று இளவரசி சொன்னாள். அவள் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.

ஞானசுந்தரியைக் கண்டதும் பக்கத்தில் வந்தான்.

"இன்னாக்கா, சாமான்லாம் கட்டிட்டியா? வண்டி வேணும்னா சொல்லு."

அவள் திரும்பிப் பார்க்காமல் ஊர் பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள். மேல்கோர்ட்.

வினோத்குமாரின் வக்கீல் எழுந்தார். சாட்சி காலமாகிவிட்டார், பழைய சாட்சியமே போதும் என்றார். பேனரின் போட்டோவையும் நீட்டினார்.

நீதிபதி பேனாவை எடுத்தார்.

கதவு திறந்தது.

பச்சமுத்து! காலில் செருப்பில்லை.

"ஐயா, நான் சாவல."

கூண்டில் ஏற்றினார்கள். வேதாசலம் கையெழுத்துப் போட்டதை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார்கள்.

"எப்டி சார் பார்க்கறது? அவரு கருமாதி அன்னிக்குதான் இவன் எங்கிட்ட கையெழுத்தே வாங்கினான்."

வினோத்குமாரின் முகம் வெளுத்தது.

லுங்கியையும் செருப்பையும் ஏரிக்கரையில் போட்டுவிட்டு, கேஸ் முடிகிற வரை ஓரிக்கையில் மச்சான் வீட்டில் பதுங்கிக் கிட என்று அனுப்பியதும் வினோத்குமார்தானாம். அப்புறம் ஏன் வந்தீர்கள் என்றார் நீதிபதி.

"மச்சான் செல்லுல அந்த பேனரைப் பார்த்தேன் சார். செத்தது நானு. என் மூஞ்சி ஸ்டாம்பு சைசுக்கு ஒரு மூலையில கீது. அவன் கூலிங்கிளாஸ் போட்டுக்கினு ஆளுயரத்துக்கு நிக்கிறான்."

உயில் ரத்து. மாவட்டக் கோர்ட் தீர்ப்பு ரத்து. பச்சமுத்துவின் சாவும் ரத்து.

செருப்பு மட்டும் இன்னும் போலீஸ் காவலில்!