அல்போன்ஸின் ரத்தத்தில் இல்லாத மருந்து

"என் புருஷனை நான் கொல்லப் பாத்தேன்னு கேஸ் குடுத்திருக்கா. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரணுமாம்" என்றாள் ஷெர்லி. உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை.

வடசேரி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் இருந்தது துப்பறிவாளர் தாணுமாலயனின் அலுவலகம். கீழே ஒலித்த ஹாரன் சத்தம் ஓயட்டும் என்று அவர் காத்திருந்தார். உதவியாளர் ஷீஜாவுக்கு அந்தப் பொறுமை இல்லை.

"கேஸ் குடுத்தது யாரு?"

"அவருக்க தங்கச்சி குளோரி. அவருக்குக் கிட்னி குடுத்தவ. அவ சொன்னா ஊரே நம்பும்."

ஷெர்லியின் கணவர் அல்போன்ஸ் விசைப்படகு வைத்திருப்பவர். போன வருஷம்தான் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். அதை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். மாதாமாதம் ரத்தத்தில் இரண்டு விஷயம் பார்ப்பார்கள். மருந்து எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. எதிர்ப்புச் சக்தி எவ்வளவு விழித்திருக்கிறது என்பது இன்னொன்று. சக்தி ஏறினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. இறங்கினால் எந்தக் கிருமியும் உள்ளே புகுந்துவிடும்.

"போன மாச ரத்தத்தில மருந்து துளிகூட இல்லியாம். எதிர்ப்புச் சக்தி சீக்கே இல்லாத ஆளுக்கு உள்ளதுபோல இருந்ததாம். நான் மாத்திரை குடுக்கல்லன்னு டாக்டர் ஏசினாரு. டோஸைக் கூட்டினாரு. பொறவு நெஞ்சில பூஞ்சைக் கிருமி ஏறி, மூச்சு விட முடியாமக் கெடந்தாரு. நான் என் கையாலதான் மாத்திரை குடுத்தேன் ஸார். முழுங்கினதைப் பாத்துட்டுத்தான் நகருவேன்."

"போலி மாத்திரை ஸார்!" என்றாள் ஷீஜா. "மருந்துக்கடைக்காரனைப் பிடிச்சா முடிஞ்சுது."

"இருக்கலாம். முதல்ல ஆளைப் பார்ப்போம்" என்றார் தாணுமாலயன்.

அல்போன்ஸைச் சேர்த்திருந்த தனியார் மருத்துவமனையில், கைகழுவி முகக்கவசம் கட்டிய பிறகே உள்ளே விட்டார்கள். அல்போன்ஸ் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்து கிடந்தார். போர்வைக்கு வெளியே கிடந்த அவருடைய இடது முன்கையில், முன்பு டயாலிசிஸுக்காக இணைத்துத் தைத்த ரத்தக்குழாய் கயிறுபோலப் புடைத்திருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து குளோரி எழுந்தாள்.

"இந்தக் கொலைகாரிக்கு ஆளு வேறயா? ஏட்டி, வெளிய போ!"

"அண்ணனுக்க பொண்டாட்டியை ஏட்டின்னா கூப்பிடுக?" என்றாள் ஷெர்லி.

"நீ பொண்டாட்டியா? போன மாசம் வீட்டுக்கு ரத்தம் எடுக்க ஆளு வந்த அன்னைக்கு, இந்த மனுசனைப் போட்டுட்டுப் பூசைக்குப் போனவதானே நீ? கை நடுங்கிட்டு நின்ன மனுசனுக்கு நான்தான் சட்டைப் பட்டன் போட்டு விட்டேன்."

தாணுமாலயன் மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கும் கை நடுங்கிச்சா?"

"ஆபரேஷன் ஆன நாள்ல இருந்தே நடுக்கம்தான். இவளுக்கு அது எங்க தெரியும்?"

அல்போன்ஸ் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

அல்போன்ஸுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் வள்ளிநாயகத்தை வராந்தாவில் பிடித்தார்கள். அவர் எரிச்சலோடுதான் பேசினார். "நடுக்கமா? அந்த மாத்திரையால வர்றது. டோஸ் கூடினா கூடும், நிறுத்தினா நின்னுடும். இதை எல்லா நோயாளிக்கும் சொல்லியிருக்கேன்."

"அதுக்கு முந்தின மாசம் ரிப்போர்ட் எப்படி?"

"எதிர்ப்புச் சக்தி ரொம்பக் கீழே இருந்தது. கொஞ்சம் ஏறட்டும், அதுவரை துறைமுகம், கூட்டம் எதுவும் வேண்டாம்னேன். அடுத்த ரிப்போர்ட்டும் அப்படியே வந்தா டோஸைக் குறைக்கிறதா இருந்தேன்."

ரத்தம் எடுத்த ஜெஃப்ரின் கீழே ஆய்வகத்தில் இருந்தான். குழாயில் பெயர் எழுதிவிட்டு, பேனாவை இடது கையாலேயே சட்டைப்பையில் செருகினான்.

"அல்போன்ஸுக்கு எந்தக் கையில எடுத்தீங்க?"

"இடது கை ஸார். நல்ல நரம்பு. ஒரே குத்துல வந்துச்சு."

தாணுமாலயன் தலையசைத்தார். "கொஞ்சம் மேலே வாங்க. டாக்டரும் வரட்டும்."

எல்லோரும் அல்போன்ஸின் அறையில் கூடினார்கள்.

"மாத்திரை போலியில்ல" என்றார் தாணுமாலயன். "ஷெர்லி குடுக்காமலும் இல்ல. ரெண்டுல எது நடந்திருந்தாலும் கை நடுக்கம் நின்னிருக்கும். அன்னைக்குக் காலையில நடுங்கிச்சுன்னு சொன்னது கேஸ் குடுத்த குளோரிதான். உடம்புல மருந்து இருந்தது, ரிப்போர்ட்ல இல்ல. அப்படின்னா அது இவர் ரத்தமே இல்ல."

"நான்தான் ஸார் எடுத்தேன்!" என்றான் ஜெஃப்ரின்.

"டாக்டர், இவரோட இடது கையில ஊசி குத்தலாமா?"

"டயாலிசிஸ் கையில யாரும் குத்த மாட்டாங்க. படிக்கும்போதே அதைத்தான் சொல்லிக் குடுப்போம்." டாக்டரின் குரல் மாறியிருந்தது.

"இவன் பொய் சொல்லல. ஒரு இடது கையிலதான் குத்தினான். ஆனா அது வேற ஆளோட கை. இவன் இடது கைப் பழக்கக்காரன். தனக்குத்தானே எடுத்திருந்தா வலது கையிலதான் எடுத்திருப்பான். அன்னைக்கு வீட்டுல மிச்சம் இருந்தது அல்போன்ஸும் குளோரியும்."

ஜெஃப்ரின் கட்டிலைக் காட்டினான். "அண்ணன்தான் கெஞ்சினாரு ஸார். ஒரு தடவைதானேன்னு..."

"வாயை மூடுலே!" என்று சீறினாள் குளோரி. ஆனால் அவள் கை தானாகவே இடது முழங்கையைப் பொத்தியது.

அல்போன்ஸ் மூச்சிரைக்கப் பேசினார். "ரிப்போர்ட்ல எண்ணு ஏறினாத்தான் படகுக்குப் போலாம்னு டாக்டர் சொன்னாரு. ஷெர்லி வாசலைத் தாண்ட விடல்ல. சீக்காளின்னு பூட்டியே வச்சா. நல்ல ரத்தம் குடுத்தா நல்ல எண்ணு வரும்னு நெனச்சேன்."

"அந்த நல்ல எண்ணுதான் உங்களைப் படுக்க வச்சுது" என்றார் தாணுமாலயன். "உங்க சொந்த ரத்தம் போயிருந்தா மருந்தைக் குறைச்சிருப்பார். தங்கச்சி ரத்தத்தைப் பார்த்து, கிட்னி போயிடும்னு பயந்து கூட்டிட்டார். ஏற்கெனவே அடங்கிக் கிடந்த உடம்பு அது. டாக்டர், இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கலாம்."

"பார்த்திருக்கணும்" என்றார் டாக்டர்.

"எனக்குத் தெரியாது" என்று குளோரி அழத் தொடங்கினாள். "அண்ணன் கேட்டான், குடுத்தேன். பொறவு அவன் சாகக் கெடந்தப்போ, என்னாலன்னு நெனச்சாலே பைத்தியம் பிடிச்சிரும்போல இருந்தது. இவளாத்தான் இருக்கணும்னு..."

ஷெர்லி அவளைப் பார்க்கவில்லை. கட்டிலருகே போனாள்.

"போலீஸ்காரரு இங்க வந்து இவகிட்ட விசாரிச்சப்போ உங்களுக்கு நினைவு இருந்தது. நான் மாத்திரை குடுக்காமக் கொல்லப் பாத்தேன்னு இவ சொன்னது உங்க காதுல விழுந்தது. இல்லியா?"

அல்போன்ஸ் கண்களை மூடிக்கொண்டார்.

"கேஸை வாபஸ் வாங்கிருகேன் மைனி" என்றாள் குளோரி.

"வாங்கு. உங்க அண்ணன் இப்போ ஒத்துக்கிட்டதையும் சேத்து எழுதிக் குடு."

மேசையிலிருந்த மாத்திரை டப்பாவை எடுத்துக் குளோரியின் கையில் திணித்தாள் ஷெர்லி.

"ஷெர்லி, போயிராதே" என்றார் அல்போன்ஸ். "நீ தந்தாத்தான் சரியா இருக்கும்."

"நான் மாத்திரையே தரல்லன்னு இவ சொன்னப்போ பேசாமக் கெடந்தீங்கல்லா. இனி இவளே தரட்டும்."

முகக்கவசத்தைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அவள் வாசலை நோக்கி நடந்தாள். வாசலில் நின்ற ஷீஜா பேச வாயெடுத்தாள். தாணுமாலயன் கையைக் காட்டித் தடுத்து, ஷெர்லிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.