கழலாத தோல்

ஆல்பர்ட் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

"சாப்பிடுங்க," என்றாள் இவாஞ்சலின்.

"பசிக்கல."

நேற்றும் அதையேதான் சொன்னார். முட்டைக்கோஸ் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்ததிலிருந்தே இப்படி. முல்லையாற்றில் குளிக்கப் போன அவர்களுடைய ஒரே மகன் அருண் ஜோசப்பைப் பிணமாகத் தூக்கி வந்து அடக்கம் செய்த நாளில்கூட அவர் சாப்பிட்டார். அழுதுகொண்டே அவளுக்கும் ஊட்டிவிட்டார். அந்த மனிதர் இப்போது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, மகனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த மருந்தை வாங்கும்போது அவளும் உத்தமபாளையம் கடைக்குப் போயிருந்தாள். கடைக்காரர் ராஜா முகம்மது விவரமாகச் சொன்னார்.

"இது பழைய மருந்து மாதிரி இல்லண்ணே. தோலுரிக்கிற நேரத்துல புழு உடம்புல தன்னால ஒண்ணு சுரக்கும்ல, அதே மாதிரி செஞ்சு வச்சிருக்காக. நேரம் வந்துருச்சு, தோல உரின்னு புழுகிட்ட பொய் சொல்லும். புழு திங்கிறத நிப்பாட்டிரும். உள்ள புதுத்தோலு அரைகுறையா நிக்கும், பழைய தோலும் கழலாது. ரெண்டுக்கும் நடுவுல கெடந்து செத்துரும்."

"மனுசருக்கு ஒண்ணும் செய்யாதுல்ல?" என்று அவள் கேட்டாள்.

அவர் சிரித்தார். "மனுசன் என்ன தோலா உரிக்கப் போறான்?"

விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. அனுமந்தன்பட்டித் தெருவில் மிக்சியும் டிவியும் ஒரே நேரத்தில் அடங்க, அதுவரை கேட்காத ஒரு சத்தம் மகனின் அறையிலிருந்து கேட்டது. சுவரில் யாரோ முதுகைத் தேய்ப்பதுபோல, காய்ந்த வாழைச்சருகை மெல்லக் கசக்குவதுபோல, நின்று நின்று வரும் சத்தம். கதவிடுக்கில் வாடை கசிந்தது. மருந்து வாடை என்று நினைத்தாள். இல்லை. பாசி. ஆற்றுப் பாசியும் சேறும் கலந்த வாடை. மகனின் தலைமுடியில் கடைசியாக அவள் முகர்ந்த வாடை.

செல்போன் வெளிச்சத்தோடு கதவைத் தள்ளினாள். ஆல்பர்ட் சட்டையில்லாமல், சுவரைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க."

"அரிக்குது, இவா."

அவர் முதுகுத் தோல் வெளுத்து, எண்ணெய்த்தாள் போல உடம்பை விட்டு எழும்பி நின்றது. பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரு கீறல். ரத்தமில்லை. கீறலுக்குள் ஏதோ அசைந்தது. அவர் மூச்சை இழுக்கும்போது அல்ல. விடும்போதும் அல்ல.

"ம்ம்…"

வாயை மூடிக்கொண்டு கூப்பிடுவதுபோல் இருந்தது.

"நீங்களா?"

ஆல்பர்ட் அழுதார். "நானில்ல. நேரம் வந்துருச்சு, வெளிய விடுன்னு உள்ள சொல்லிக்கிட்டே இருக்கு. நம்ம பயதான், இவா. உரிச்சு விடு."

பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. கடைக்காரர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவிருந்தது. ஓடிப்போய் யாரையாவது கூப்பிடலாம். பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது.

"ம்ம்… ம்ம்…"

இரண்டு கைகளின் விரல்களையும் கீறலுக்குள் விட்டு விரித்தாள்.

பிடரிக்குக் கீழே நெற்றி தெரிந்தது. பிறகு புருவம். அவனுடையதேதான். பாலாடை போல வெளுத்து நடுங்கும் தோல். இன்னும் பிரியாத இமைகள். மூக்கு.

வாய் இல்லை.

வாய் இருக்கவேண்டிய இடத்தைத் தோல் மூடியிருந்தது. அதன் பின்னால் நாக்கு வழி தேடித் தேடி முட்டியது.

இன்னும் இழுத்தாள். தோளில் தோல் பிடித்துக்கொண்டது. வரவில்லை. ஆல்பர்ட்டின் தலை முன்னால் சரிந்தது. மூச்சு இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

"அருணு," என்றாள்.

மூடிய இமைகளோடு அந்த முகம் அவள் குரல் வந்த பக்கம் மெல்லத் திரும்பியது.