இரண்டு நிமிட நிறுத்தம்

காலை பத்து நாற்பத்திரண்டுக்கு வரவேண்டிய ரயில் பத்து நாற்பத்திரண்டுக்கே வந்து நின்றது.

"அதிகாரி வர்றார்னு ரயிலுக்கும் தெரிஞ்சு போச்சு போல," என்றார் மாமா.

கடுகின் கண் பெட்டிக் கதவுகளின் மேல் இருந்தது. அவளுக்கு வயது பத்து. உயரம் எட்டு வயதுக்கு உரியது. வாய் பதினைந்து வயதுக்கு உரியது. அதனால்தான் அந்தப் பெயர். பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயர் உண்டு. அதை ஆசிரியர்களே மறந்துவிட்டார்கள்.

மூன்று மாதங்களுக்கு முன்பு வரை இந்த ஊரில் எந்த ரயிலும் நின்றதில்லை. பிறகு சோதனைக்காக இரண்டு நிமிட நிறுத்தம் கொடுத்தார்கள். காலை ரயில் நகரத்திலிருந்து வந்து, நின்று, மலைக்குள் இருக்கும் சுரங்கப்பாதைக்குள் நுழையும். மாலை ரயில் சுரங்கத்திலிருந்து வந்து, நின்று, நகரத்துக்குப் போகும்.

ரயில் நின்றதும் ஆட்கள் இறங்கினார்கள். இறங்கியவர்கள் தங்க இடம் கேட்டார்கள். கடுகின் அம்மா நகரத்து ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டு மாடியில் இருந்த நான்கு அறைகளையும் விடுதியாக்கினாள். அதற்கு முன் அம்மா மாதத்துக்கு இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பாள். இப்போது தினமும் இருக்கிறாள்.

இன்று சோதனை முடிகிறது. நிறுத்தம் இருக்குமா, போகுமா என்று எழுதப் போகிறவர் இந்த ரயிலில் வருகிறார்.

மூன்றாவது பெட்டியிலிருந்து ஒரு பெண் இறங்கினார். ஒரு கையில் குடை. இன்னொரு கையில் கோப்பு. முகத்தில் சிரிப்பு இல்லை.

"விடுதிப் பதிவேட்டைப் பாக்கணும்," என்றார்.

மாமா மகிழ்ந்து போனார். பதிவேடு அவர் பொறுப்பு. அவர் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும்.

முன்னறையில் அம்மா படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாமா பதிவேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். வந்த நாள், பெயர், ஊர், தொலைபேசி எண் எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசிக் கட்டம், வந்த காரணம்.

முதல் வரியில் 'சும்மா' என்று எழுதியிருந்தது. அதன் கீழே 'மேற்படி'. அதன் கீழே 'மேற்படி'. மேடம் பக்கத்தைப் புரட்டினார். மேற்படி, மேற்படி, மேற்படி.

"இருநூத்திப் பதினாலு பேரும் சும்மாவா வந்தாங்க?"

"நான் எல்லார்கிட்டயும் கேட்டேன் மேடம். சும்மாதான்னு சொன்னாங்க. சொன்னதை மாத்தி எழுதலாமா?"

"ஒருத்தர்கூட வேற எதுவும் சொல்லலையா?"

மாமா யோசித்தார். "ஒருத்தர் மட்டும் 'உங்களுக்கு எதுக்கு'ன்னு கேட்டார். அவரையும் மேற்படியிலயே சேத்துட்டேன்."

இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. அம்மா கண்ணை மூடித் திறந்தாள்.

மேடம் தன் படிவத்தை எடுத்தார். "இதுல நாலு கட்டம் இருக்கு. வேலை, உறவினர் வீடு, மருத்துவம், பார்க்க வேண்டிய இடம். இங்க பாக்க என்ன இருக்கு?"

"ஆறு இருக்கு," என்றார் மாமா. "மழை பெஞ்சா அதுல தண்ணியும் இருக்கும்."

"அப்புறம்?"

"தபால் நிலையம்."

மேடம் எழுதவில்லை. "முதல் மாசம் முப்பத்தோரு பேர். ரெண்டாவது மாசம் அறுபத்திரெண்டு. போன மாசம் நூத்தி இருபத்தொண்ணு. பெருகிக்கிட்டே போகுது. ஏன்னுதான் தெரியல. காரணம் தெரியாம வந்த கூட்டம் காரணம் தெரியாமலே நின்னும் போகும். அப்புறம் ரயில் யாருக்காக நிக்கும்?"

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் நாலே கால் ரயில்ல திரும்பணும். அதுக்குள்ள ஒரு காரணம் கிடைச்சா எழுதறேன். இல்லேன்னா இல்லைன்னு எழுதறேன். பொய் எழுத மாட்டேன்."

குடையை எடுத்துக்கொண்டு அவர் கடைத்தெருவைப் பார்க்கக் கிளம்பினார்.

அம்மா அலமாரியைத் திறந்தாள். அடித்தட்டிலிருந்து பழைய ஹோட்டல் சீருடையை எடுத்தாள். உதறிப் பார்த்தாள். பிறகு மடித்து உள்ளே வைத்தாள். கதவை மட்டும் மூடவில்லை.

கடுகு அதைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க எப்படிக் கேட்டீங்க? எங்கிட்ட கேளுங்க பாப்போம்."

மாமா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். பேனாவைத் தூக்கிப் பிடித்தார். "வந்த காரணம்?"

"காவல் நிலையத்துல கேக்கற மாதிரி இருக்கு. எனக்கே சும்மான்னுதான் வருது."

"கேள்வின்னா கம்பீரமா கேக்க வேணாமா?"

அவள் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு இரண்டு இரண்டு படியாக மாடி ஏறினாள்.

முதல் அறையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தங்கியிருந்தார். இரண்டாவது தடவையாக வந்திருக்கிறார். வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே தெருவில் போகும் பஸ்ஸைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, நீங்க ஏன் இந்த ஊருக்கு வந்தீங்க?"

"சும்மாதாம்மா."

அடுத்த அறையின் வாசலில் ஒரு தையல்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். காலை ரயிலில்தான் வந்தார். கூடவே ஐந்து வயது மகன்.

"அண்ணா, நீங்க?"

"நாங்களா? சும்மாதான். பையனுக்கு லீவு."

"அப்பா," என்றான் பையன். "காத்து எப்ப வரும்?"

தையல்காரர் அவன் வாயைப் பொத்தினார். டிரைவர் தாத்தா சட்டென்று வேறு பக்கம் திரும்பினார்.

கடுகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காற்றா? இவர்களுக்கு ஏன் முகம் சிவக்கிறது? அவளுக்கு லேசாகப் புரிந்தது. அவள் சிரிக்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாது. ஒரு தடவை அம்மாகூட நகரத்துக்குப் போனேன். அங்க ஒரு கடையில மாடிப்படி தானா மேல போச்சு. நான் பதினேழு தடவை ஏறினேன். அம்மா தேடி வந்து கேட்டப்ப, வழி தவறிட்டேன்னு சொல்லிட்டேன்."

"பதினேழு தடவையா?" என்றார் தாத்தா.

"பதினெட்டாவது தடவை அம்மா பிடிச்சுட்டாங்க."

தாத்தா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"சரி, நானும் சொல்றேன். முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டினேன். எத்தனையோ பேரை எத்தனையோ ஊருக்குக் கொண்டுபோய் விட்டேன். நான் ஒரு ஊர்லயும் இறங்கிச் சுத்தினதில்ல. போன மாசம் கால்ல அடிபட்டு ஆஸ்பத்திரில கிடந்தேன். அங்க ஒரு நர்சம்மா சொன்னாங்க. 'தாத்தா, ஒரு ஊர் இருக்கு. சாயங்காலம் ரயில் வர்றதுக்கு முன்னாடி மலை மூச்சு விடும். போய் நில்லுங்க'ன்னு. வந்து நின்னேன். போனேன். மறுபடி வந்துட்டேன். இந்த வயசுல, காத்து வாங்க ரயில் ஏறி வந்தேன்னு உங்க மாமாகிட்ட எப்படிச் சொல்றது?"

கடுகின் வாய் திறந்தபடி நின்றது.

சுரங்கத்துக் காற்று. ரயில் சுரங்கத்துக்குள் ஓடி வரும்போது உள்ளே இருக்கும் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வரும். அது அவள் முகத்தில் அடிக்காத நாளே இல்லை. ஊரில் எவரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. இதற்காகவா?

"அண்ணா, உங்களுக்கும் நர்சம்மாதான் சொன்னாங்களா?"

"சீருடை தைக்கக் கொடுக்க வந்தாங்க. அளவு எடுக்கற நேரம் பூரா இந்தப் பேச்சுதான். இவன் மேசைக்கு அடியில இருந்து கேட்டுட்டான். அன்னிலேருந்து எனக்குத் தூக்கமில்ல."

கடுகு தடதடவென்று கீழே ஓடினாள். பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரு நர்ஸ் பெயர் இருந்தது. மாமா எண்ணை அழுத்திக் கொடுத்தார்.

"அக்கா, நான் விடுதியிலேருந்து கடுகு பேசறேன். நீங்க முதல்ல ஏன் இங்க வந்தீங்க?"

மறுமுனையில் சிரிப்பு. "வரல. தூங்கிட்டேன். ராத்திரி வேலை முடிஞ்சு ரயில்ல ஏறினேன். கண் முழிச்சப்ப என் ஊர்னு நினைச்சு இறங்கிட்டேன். சாயங்காலம் வரைக்கும் வேற ரயில் இல்ல. எரிச்சலோட பிளாட்பாரத்துல நின்னேன். அப்பத்தான் அந்தக் காத்து வந்துச்சு. மூணு மாச அலுப்பு போச்சு. மறு வாரமே தோழியோட வந்தேன்."

"எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?"

"ஆஸ்பத்திரில ரெண்டு மாடிக்கும் தெரியும். மூணாவது மாடிக்கு அவங்க சொல்லியிருப்பாங்க."

கடுகின் பென்சில் பறந்தது. அவள் மேலும் ஆறு பேருக்குப் பேசினாள். யாரிடமும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. யார் சொல்லி வந்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்றுதான் கேட்டாள். அப்படிக் கேட்டதும் காரணமும் தானாக வெளியே வந்தது. ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்குக் கோடு. அங்கிருந்து நான்கு கோடு. தாள் நிறைந்து, பின்பக்கமும் நிறைந்தது. சிலர் காற்றுக்காக. ஒருவர் அலாரம் இல்லாமல் தூங்குவதற்காக. ஒரு கணக்கு ஆசிரியை, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு தெருவில் நடப்பதற்காக.

மேடம் திரும்பியபோது மணி மூன்றே முக்கால். தாளை வாங்கி நின்றபடியே படித்தார்.

"காத்தா?"

"ஆமா மேடம். காலையில வரும்போது அது யாரோ சொல்லிக் கேட்டதுதான். திரும்பிப் போகும்போதுதான் தெரியும். மாமா வந்த உடனே கேட்டுட்டார்ல, அதான் யாருக்கும் சொல்லத் தெரியல. தெரிஞ்சவங்களும் வெக்கப்பட்டாங்க."

"பார்க்க வேண்டிய இடம்கற கட்டத்துல காத்துன்னு எழுதினா என்னைப் பாத்துச் சிரிப்பாங்கம்மா."

"பாக்க வேணாம் மேடம். நின்னா போதும். வாங்க."

பிளாட்பாரத்தின் கடைசியில், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், ஏற்கெனவே ஆள் இருந்தது. தாத்தா ரயில் நேரப் பலகையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். தையல்காரர் செருப்பு வாரைச் சரிசெய்தார். பையன் மட்டும் மலையைப் பார்த்து நேராக நின்றான். அம்மா மேடத்துக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டு வந்திருந்தாள். அதை இறுகப் பிடித்திருந்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. சுரங்கத்தின் வாய் கறுப்பாக இருந்தது.

கம்பியில் உட்கார்ந்திருந்த குருவிகள் ஒன்றாக எழுந்தன.

"இப்ப," என்றாள் கடுகு.

வெளிச்சம் வரவில்லை. சத்தமும் வரவில்லை. காற்று வந்தது. ஈரப் பாறை மணத்தோடு, ஜில்லென்று, மலை நெஞ்சு நிறைய இழுத்து ஒரேயடியாக விட்டது போல வந்தது. தாத்தாவின் வேட்டி படபடத்தது. பையன் இரண்டு கையையும் விரித்தான். மேடத்தின் கொண்டை அவிழ்ந்தது. குடை தானாக விரிந்து அவரை இரண்டடி பின்னால் இழுத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் தூரத்தில் ஊதல் கேட்டது.

"இன்னொரு தடவை," என்றான் பையன்.

ரயில் வந்து நின்றது. இரண்டு நிமிடம். மேடம் பாய்ந்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, படிவத்தை மடியில் வைத்தார். நான்கு கட்டங்களின் கீழே, பேனாவால் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டார். என்னவோ வேகமாக எழுதினார். கையெழுத்திட்டார். தாளை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார்.

கடுகு எம்பி எம்பிப் படித்தாள். 'ஒருவர் சொல்லி ஒருவர் வருகிறார்கள். நிறுத்தம் தொடர வேண்டும்.'

"மேலதிகாரி சிரிப்பாரே மேடம்?" என்றார் மாமா.

"சிரிக்கட்டும். வந்து நிக்கச் சொல்றேன்."

அம்மா தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினாள். மறு கை கடுகின் தலைமேல் வந்து, அங்கேயே இருந்தது.

ரயில் நகர்ந்தது. கடுகு ஜன்னலோடு சேர்ந்து நடந்தாள். மேடம் கலைந்த முடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, மறு கையால் கைபேசியைக் காதில் வைத்திருந்தார்.

"அக்கா, நான்தான். அதெல்லாம் அப்புறம் சொல்லு. வர்ற ஞாயித்துக்கிழமை உனக்கு என்ன வேலை?"