அனுமதிப் பட்டியலில் ஒரு பெயர்

அலை வந்து பாறையில் அறைந்தது. ஆள் உயரத்துக்கு எழும்பி, நுரையாகச் சிதறி, பாறையின் முதுகில் வழிந்து இறங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

“டிவியில சத்தத்த அமத்தி வச்ச மாதிரில்லா இருக்கு,” என்றாள் ஆக்னஸ்.

சுக்கானைப் பிடித்திருந்த டெல்பின் தலையை மட்டும் ஆட்டினாள். மற்ற நாளாக இருந்தால், பயணிகள் இப்படி வாயைப் பிளக்கும் இடத்தில் சொல்வதற்கென்று கம்பெனி எழுதிக் கொடுத்த நாலு வரியை எடுத்துவிட்டிருப்பாள். இன்றைக்கு அதை எடுக்கவில்லை. படகில் இருந்த ஒரே பயணி ஆக்னஸ். அவள் புருஷன் கிளீட்டஸ் இதே கடலில் செத்து இன்றோடு முப்பது நாள்.

காலையில் படகுத்துறையில் ஆக்னஸ் வந்து நின்றபோது டெல்பின் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். “என்ன அக்கா, நீ எதுக்கு டிக்கெட் எடுத்த? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா...” என்று இழுத்தாள். “வீட்டுக்கு வந்தா நீதான் பிடி குடுக்க மாட்டேங்கியே பிள்ளே. டிக்கெட் எடுத்தா ஒன்றர மணி நேரம் எனக்க கூடத்தானே இருந்தாகணும்,” என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மௌனப் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகின் நாலு மூலையிலும் பானை மூடி அளவில் நாலு வட்டங்கள் பதித்திருக்கும். அதுதான் ஒலிவிழுங்கி. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு சத்தத்தையும் அது வந்த சூட்டோடு அளந்து, அதற்கு நேர் எதிரான அலையைச் செய்து அதன்மேல் ஏவும். மேடு இருந்த இடத்தில் பள்ளம், பள்ளம் இருந்த இடத்தில் மேடு. இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். படகுக்குள் பேசுவது கேட்கும். வெளியே உலகம் சும்மா வாயசைத்துக்கொண்டு கிடக்கும். மின்கலத்தில் ஓடுவதால் படகுக்கென்று ஒரு முணுமுணுப்பும் கிடையாது. ஊரில் இருக்கிற இரைச்சலையெல்லாம் தானே உண்டாக்கிக் காது புண்ணான மனிதன், ஒன்றரை மணி நேரம் கடலை ஊமையாகப் பார்க்க வரிசையில் நின்றான். என்னத்தைச் சொல்ல! முட்டத்துக் கரையில் மட்டும் இப்போது நாற்பது மௌனப் படகுகள் ஓடுகின்றன.

ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று யோசிக்காமல் இல்லை. ஒலிவிழுங்கிக்கு ஒரு அனுமதிப் பட்டியல் உண்டு. சங்கு, இடி, அலறல், ‘காப்பாத்துங்க’ போன்ற சொற்கள். இவற்றை மட்டும் அது விழுங்காது, உள்ளே விட்டுவிடும். அந்தப் பட்டியலுக்கு இந்தக் கரையின் பேச்சைச் சொல்லிக்கொடுத்தது வேறு யாரும் இல்லை, டெல்பின்தான்.

ஐந்து வருஷத்துக்கு முன் சென்னையில் குளிரூட்டிய அறையில் அவளை உட்காரவைத்துக் கேட்டார்கள். “உங்க ஆட்கள் கடல்ல ஆபத்துன்னா என்ன சொல்லிக் கத்துவாங்க?”

உண்மையான பதில் அவளுக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் காப்பாற்று என்று கத்த மாட்டார்கள். பக்கத்து வள்ளத்தில் யார் இருக்கிறானோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் வலையை அறுத்துப் போட்டாவது போக வேண்டும். என்ன ஏது என்று கேட்கக்கூடக் கூடாது. ஆனால் அதே ஆட்கள் பீடிக்குத் தீப்பெட்டி வேண்டுமென்றாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், வம்பிழுக்கவும் அப்படித்தான். இதையெல்லாம் அந்தப் பளபளப்பான மேசைக்கு முன்னால் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. காட்டுமிராண்டிக் கூட்டம் என்று நினைத்துவிடுவார்களோ என்று இருந்தது.

“காப்பாத்துங்கன்னுதான் சார் கத்துவாங்க,” என்றாள்.

“பேர் சொல்லிக் கூப்பிடுற சத்தம் நிறைய பதிவாகியிருக்கே, அது?”

“அது சும்மா. ஊர்ச் சத்தம். விழுங்கிடலாம்.”

அதைச் சொன்னபோது அவள் மனதில் இருந்தது கிளீட்டஸ்தான். அத்தை மகன், கேலி செய்ய அவனுக்கு முறை இருந்தது. ஊரில் முதன்முதலாக ஒரு பெண் படகோட்டக் கிளம்பியதிலிருந்து, சிங்கி இறால் வலை போடும் தன் வள்ளத்திலிருந்து எழுந்து நின்று, “ஏ டெல்பினே, கப்பல எங்கட்டி கொண்டு போற?” என்று தொண்டை கிழியக் கூவுவான். பயணிகள் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு மானம் போகும். ஒலிவிழுங்கி வந்த பிறகு அவன் வாய் திறந்து திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. அதில் அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது என்பதை மறைப்பானேன்.

படகு தென்னந்தோப்புகளைத் தாண்டி, செம்மண் மேடுகள் கடலுக்குள் சரியும் இடத்துக்கு வந்தது. ஆக்னஸ் பலகையில் கையூன்றிக் கரையைப் பார்த்தாள். வெயில் ஏறியிருந்தது. மேட்டின் சிவப்பு தண்ணீரில் விழுந்து ஆடியது.

“இவ்வளவு அழகா நம்ம ஊரு?” என்றாள். “கரையில நின்னு கடலப் பாத்திருக்கேன். கடல்ல இருந்து கரையப் பாத்ததில்ல. அவிய தெனமும் இதப் பாத்திருக்காவ, ஒரு நாள்கூட சொல்லல.”

டெல்பின் படகின் வேகத்தைக் குறைத்தாள்.

“வீட்டுல முப்பது நாளா ஒரே பேச்சு. வாறவங்க எல்லாம் பேசுகாவ. இங்க காது குளுந்து கெடக்கு,” என்றாள் ஆக்னஸ். அதில் குத்தல் எதுவும் இல்லை. அவள் மெய்யாகவே நன்றியோடு சொன்னாள். திட்டியிருந்தால் டெல்பின் தாங்கியிருப்பாள்.

சாவு வீட்டில் மூன்று நாளும் வந்தவர்களுக்கெல்லாம் கட்டன்சாயா ஊற்றிக் கொடுத்தது டெல்பின்தான். அடக்கம் முடிந்த அன்று ஆக்னஸ் அவள் தோளில்தான் சாய்ந்து அழுதாள். அந்தத் தோள் இன்னும் டெல்பினுக்குச் சொந்தமில்லாதது போல இருந்தது.

“அந்தப் பாறைகிட்ட நிறுத்து,” என்றாள் ஆக்னஸ்.

டெல்பின் நிறுத்தினாள். அந்தப் பாறையருகில்தான் கிளீட்டஸின் வள்ளம் கவிழ்ந்தது. வலைக்கயிறு காலில் சுற்றிக்கொண்டது. பாதி முங்கிய வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்திருக்கிறான், பிறகு கை விட்டுவிட்டது. மத்தியானம்தான் கண்டெடுத்தார்கள். பக்கத்தில் வள்ளம் எதுவும் இருக்கவில்லை, பாவம், கூப்பிட ஆளில்லாமல் போய்விட்டது என்று ஊரே பேசியது.

“பத்து மணிப் படகு நீதானே,” என்றாள் ஆக்னஸ். முகத்தைத் திருப்பாமல்தான் கேட்டாள். “தெனமும் இந்தப் பாறையத் தாண்டித்தானே போவ. அன்னைக்கும் போயிருப்ப.”

“போனேன் அக்கா.”

“அவிய கூப்பிட்டாவளா?”

டெல்பினின் கண் சுக்கானுக்குக் கீழே போனது.

“எனக்கு வழக்குக் கிழக்கு ஒண்ணும் வேண்டாம் பிள்ளே. கடைசியா என்ன சொன்னாவன்னு தெரிஞ்சாப் போதும். சாப்பிட உக்காந்தா அதுதான் நெனப்பு. படுத்தா அதுதான் நெனப்பு.”

விழுங்கிய சத்தங்களை ஒலிவிழுங்கி முப்பத்தொரு நாள் வைத்திருக்கும், அடுத்த முறை இன்னும் நன்றாக விழுங்குவதற்காக. அதன் பிறகு தானாக அழிந்துவிடும். டெல்பின் ஒரே ஒரு தடவை அன்றைய பதிவை வீட்டுக்குக் கொண்டுபோய், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கேட்டிருந்தாள். பிறகு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நாள். நாளைக்குக் காலையில் எதுவுமே நடக்காதது போல ஆகிவிடும். ஆக்னஸ் இதை நாளை மறுநாள் கேட்டிருக்கக் கூடாதா?

நினைத்த அந்த நொடியே தன்மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது. குனிந்து, சுக்கானுக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து, திரையில் அந்தத் தேதியைத் தொட்டாள்.

படகுக்குள் கிளீட்டஸின் குரல் கேட்டது. ஒலிவிழுங்கி சேர்த்து வைத்திருப்பது சத்தத்தை அல்ல, அதன் எதிரலையை. ஆனால் குரலும் எதிர்க்குரலும் மனிதக் காதுக்கு ஒன்றுதான்.

“ஏ டெல்பினே!”

முதல் தடவை வழக்கமான கேலி ராகம்தான். ஆக்னஸ் சட்டென்று சிரித்துவிட்டாள். “கவுந்து கெடந்துட்டும் கொழுப்பப் பாரு,” என்றாள். இரண்டாவது தடவை கேலி கொஞ்சம் குறைந்திருந்தது. ஐந்தாவது தடவை துளியும் இல்லை. அப்புறம் வெறும் பெயர். தண்ணீர் வாயில் புகுந்து, துப்பி, மறுபடியும் பெயர். காப்பாற்று என்று ஒரு தடவைகூட அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்றுதான் அவன் வளர்ந்த கடல் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. பதினோரு நிமிஷம். ஆக்னஸ் ஒரு நிமிஷம்கூட நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மிசினு விழுங்கிட்டு,” என்றாள். “உனக்குக் கேக்கல. கேட்டிருந்தா நீ போயிருப்ப.”

அதோடு விட்டிருக்கலாம். ஆக்னஸே வழிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள். மிச்சம் இருந்தது எந்தப் பெட்டியிலும் பதிவாகாத ஒன்று. டெல்பின் வாயை மூடிக்கொண்டால் அது அவளோடு போய்விடும்.

“கேக்கல அக்கா,” என்றாள். “ஆனா பாத்தேன்.”

ஆக்னஸ் திரும்பினாள்.

“கையக் காட்டுனாவ. தலையும் கையும் தெரிஞ்சுது. முங்கி முங்கி எந்திரிச்சாவ. வழக்கம்போல வெளையாடுகாவன்னு... இல்ல, அப்படிக்கூட நான் யோசிக்கல. எரிச்சலா வந்துது. பயணிங்க பாத்துரக்கூடாதுன்னு அந்தப் பக்கம் இருக்க செம்மண் மேட்டக் காட்டி அழகா இருக்குல்லான்னு சொன்னேன். எல்லாரும் அங்க பாத்தாங்க. நானும் பாத்தேன்.”

சொல்லி முடித்ததும் டெல்பின் சுக்கானை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அடிக்கட்டும் என்று நினைத்தாள். காறித் துப்பட்டும். ஆக்னஸ் ஒன்றும் செய்யவில்லை. “படகத் திருப்பு,” என்றாள்.

பட்டியலைச் சொல்லிக்கொடுத்த கதையையும் டெல்பின் மறைக்கவில்லை. கரை வந்து சேர்வதற்குள் அதையும் சொல்லிவிட்டாள்.

விஷயம் கம்பெனிக்கு எட்டி, அடுத்த வாரம் அங்கிருந்து மூன்று பேர் வந்தார்கள். கோயில் அரங்கில் ஊர் கூடியது. அதிகாரி எழுந்து, வருந்துகிறோம் என்றார். சம்பந்தப்பட்ட ஓட்டுநரை இன்றே வேலையிலிருந்து நீக்கிவிட்டோம் என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த டெல்பினுக்கு அதைக் கேட்டதும் மூச்சு லேசானது. இனிமேல் அந்தக் கடல் பக்கமே போக வேண்டியதில்லை.

“அவள வேலையில இருந்து எடுக்காண்டாம்,” என்றாள் ஆக்னஸ்.

அதிகாரி கையிலிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

“அவ ஓட்டட்டும். உங்க மிசினுக்கு நாங்க பேரு சொல்லிக் கூப்பிட்டா கேக்கணும். அதச் செய்யுங்க.”

கூட வந்த பொறியாளர் தலையைச் சொறிந்தார். “எல்லாப் பேரையும் உள்ள விட்டா மௌனமே இருக்காதும்மா. மௌனப் படகுன்னு சொல்லவே முடியாது. ஒண்ணு ரெண்டு சொல்லுன்னா சேர்க்கலாம். ஒரு பேருன்னா இன்னிக்கு மத்தியானமே நாற்பது படகுலயும் ஏத்திடலாம்.”

“அப்ப எனக்க மாப்பிள கூப்பிட்ட பேரு போதும்,” என்றாள் ஆக்னஸ்.

அதிகாரியின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. ஒரே ஒரு சொல்! கை குலுக்கிவிட்டுப் போனார்.

கடல் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒரு மாதத்துக்குள் முட்டத்துக் கரையில் யார் யாரைக் கூப்பிடுவதென்றாலும் டெல்பினே என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பது படகும் பெயர்களில் அந்த ஒன்றுக்கு மட்டும் காது வைத்திருந்தன. ஒன்றை ஓட்டுகிறவன் பெயர் வின்சென்ட். அவனும் டெல்பினே என்றால்தான் திரும்பினான். இயந்திரம் நின்றுபோன விசைப்படகுக்காரன் கூப்பிட்டான். பாறையில் மாட்டிக்கொண்ட இரண்டு சிப்பி எடுப்பவர்கள் கூப்பிட்டார்கள், பிழைத்தார்கள். தண்ணீர் தீர்ந்தவன் கூப்பிட்டான். சும்மா இருந்தவனும் கூப்பிட்டான். பயணிகள், “அது என்ன பறவை?” என்று கேட்டார்கள். கம்பெனி தன் விளம்பரத்தில், பரிபூரண மௌனத்தில் எப்போதாவது மிதந்து வரும் ஒரு புராதனக் கடல் அழைப்பு என்று அதையும் சேர்த்துக்கொண்டது.

டெல்பின் மட்டும் ஒவ்வொரு தடவையும் போனாள். வம்புக்காகவா, உயிருக்காகவா என்று படகிலிருந்து தெரியாது. போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை.  கேலி ராகத்தில் வந்தால்தான் வேகமாகத் திருப்பினாள்.

ஒரு நாள் காலைப் பயணத்தில் ஒரு குடும்பம் ஏறியிருந்தது. செம்மண் மேட்டைத் தாண்டும்போது கரையிலிருந்து குரல் வந்தது. பெண் குரல். நிதானமாக, ஒரே ஒரு தடவை.

அவள் படகைக் கரைக்கு ஓட்டினாள். பயணிகள் முணுமுணுத்தார்கள். ஆழம் குறைகிற இடம்வரை கொண்டுபோய் நிறுத்தி, ஒலிவிழுங்கியை அணைத்தாள். முழங்கால் தண்ணீரில் ஆக்னஸ் நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன அக்கா? என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல பிள்ளே,” என்றாள் ஆக்னஸ். “கேக்குதான்னு பாத்தேன்.”

“கேக்குது அக்கா.”

“ம். போ. நாளைக்கும் கூப்பிடுவேன்.”