சூடு தேடுகிறவள்

மெல்பேர்னில், கிளேட்டனில் இருந்த அந்தப் பழைய பலகை வீட்டின் வாசலில் மகாதேவன் வந்து இறங்கியது, எழுபத்தேழாம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மத்தியானம். இரண்டு சூட்கேஸ், ஒரு அரிசிப் பை, ஐந்து மாத வயிற்றோடு மனைவி சந்திரவதனா. பல்கலைக்கழக அறிவித்தல் பலகையில் பார்த்த விலாசம் அது. ‘பின்பக்கத்து அறைகள் இரண்டு. வளர்ப்புப் பிராணிக்குப் பயப்படாதவர்கள் மட்டும்’ என்று எழுதியிருந்தது. நாயாக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தான். இரசாயனத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறவனுக்கு, என்ன பிராணி என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

கதவைத் திறந்தவர் மிஸ்டர் பெல்ட்டன். எழுபது வயது, மனைவியை இழந்த பழைய பள்ளிக்கூட வாத்தியார். தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்து உபசரித்த பிறகு, முன்னறையில் இருந்த ஒரு பெரிய பெட்டியைக் காட்டினார். மூன்று பக்கமும் பலகை, முன்பக்கம் கண்ணாடி. உள்ளே ஒரு மூலையில், கம்பிக்கூட்டுக்குள் இரண்டு மின்குமிழ்கள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றின் கீழே, வட்டத்தின்மேல் வட்டமாக, ஏழடி மலைப்பாம்பு ஒன்று படுத்திருந்தது.

“இவள்தான் மேபல்,” என்றார் பெல்ட்டன், தன் மகளை அறிமுகம் செய்கிற குரலில்.

“நான் இதிலயே நிக்கிறன்,” என்று சந்திரவதனா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

கார்பெட் பைத்தன் என்று இங்கே சொல்கிற இனம். முதுகு முழுக்கக் கம்பளத்தில் நெய்ததுபோல மஞ்சளும் கறுப்புமாகப் பூ. விஷம் கிடையாது. குயின்ஸ்லாந்து வெயிலில் பிறந்தவள், மெல்பேர்ன் குளிர் அவளுக்கு ஆகாது. பெல்ட்டனுக்கு அடுத்த வாரம் இருதயத்தில் சத்திரசிகிச்சை. அவர் திரும்பி வரும்வரை மேபலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதற்குத்தான் அந்த அறிவித்தல்.

அவர் சொல்லித் தந்ததில் குழப்பம் ஒன்றும் இல்லை. பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், எங்கே கிடப்பது என்பதை அவளே பார்த்துக்கொள்வாள். பதினைந்து நாளைக்கு ஓர் எலி. தூக்கும்போது கழுத்தைப் பிடிக்கக் கூடாது, நடு உடம்பைத் தாங்கிக்கொண்டு கைகளை மரக்கிளை மாதிரி விட்டுவிட வேண்டும். எலியைத் தின்ற பிறகு இரண்டு நாள் தொடக் கூடாது. அதன்பின் ஒரு வாரத்துக்குக் குமிழ் அணையவே கூடாது.

“சூடு இல்லாவிட்டால் அவளால் சமிக்க முடியாது. வயிற்றுக்குள்ளேயே எலி அழுகிவிடும்.” இதை அவர் இரண்டு தரம் சொன்னார். ஒரு தாளில் எழுதிப் பெட்டியிலும் ஒட்டினார்.

பிறகு பாம்பை எடுத்து மகாதேவனின் கைகளில் வைத்தார். வழுவழுவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். உலர்ந்து, கனமாக, இதமான சூட்டோடு இருந்தது. மெல்ல மணிக்கட்டைச் சுற்றி, சட்டைக் கைக்குள் புகுந்து, அவனுடைய கக்கத்தில் தலையை வைத்துக்கொண்டது.

“உன்னைப் பிடித்துவிட்டது,” என்று பெல்ட்டன் சிரித்தார். “பாசம் என்று ஏமாந்துவிடாதே. யார் சூடாக இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.”

ஜூன் மாதம் பிறந்தது. பெல்ட்டன் ஆஸ்பத்திரிக்குப் போனார். மகாராணியின் பிறந்தநாள் விடுமுறை வந்தது. அந்த நீண்ட வார இறுதிக்கு, சிட்னியில் இருந்து யோகேஸ்வரனும் அவன் மனைவி விமலாவும் வருவதாகக் கடிதம் போட்டிருந்தார்கள்.

“பாம்பும் எலியும் கிடக்கிற வீட்டில நான் எப்பிடிப்பா வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறது?” என்றாள் சந்திரவதனா. “விமலாக்கா கண்டால் வந்த கால்லயே திரும்பிப் போயிடுவா. ரெண்டு நாளைக்கு உந்தப் பெட்டியைப் பின்னால கொட்டிலுக்குள்ள வையுங்கோ.”

வியாழக்கிழமை மாலை மேபல் எலியை விழுங்கியிருந்தாள். வெள்ளி காலை, தள்ளுவண்டியில் பெட்டியை ஏற்றிப் பின்வளவுக் கொட்டிலில் கொண்டுபோய் வைத்தான். கொட்டிலில் மின்சாரம் இருந்தது. வயரைச் செருகினான், குமிழ்கள் எரிந்தன.

பிறகு அவனே அவற்றை அணைத்தான்.

மறந்துவிட்டான் என்று சொல்லி அவனைத் தப்ப விடலாம், ஆனால் அவன் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பாம்பு என்றால் குளிர்ச்சி தேடுவது. கிணற்றடி வாழைக்குள்ளும், தாழம்பற்றைக்குள்ளும், மண்பானையின் அடியிலும் வந்து சுருண்டு கிடப்பது. இந்த மேபலும் சில நாட்களில் தண்ணீர்த் தட்டத்துக்குள் இறங்கிக் கிடப்பதை அவன் பார்த்திருக்கிறான். வெள்ளைக்காரர் பாவம், தெரியாமல் பாம்பை வெக்கையில் போட்டு வாட்டுகிறார் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு. ஆளில்லாத கொட்டிலில் குமிழ் எரிந்து நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது என்றும் யோசித்தான். பாம்புக்குப் பாம்பின் குணம் தெரியும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டான்.

பெட்டியில் ஒட்டியிருந்த தாளை அவன் அப்போதும் பார்த்தான். அதுதான் பிறகு அவனை அரித்தது.

விருந்தாளிகள் வந்தார்கள். இடியப்பமும் சொதியும் வீட்டுக்குள் மணத்தன. சனிக்கிழமை பின்னேரம் குப்பை எரிக்கப் பின்வளவுக்குப் போனபோது, புல்நுனிகள் அப்போதே உறைபனியில் வெளுக்கத் தொடங்கியிருந்தன. கொட்டிலுக்குள் ஒரு சத்தம் கேட்டது.

டொக்.

சற்றுப் பொறுத்து மறுபடியும். டொக். மூக்கால் கண்ணாடியை இடிக்கிற சத்தம். ஒரே இடத்தில், வீடு இருக்கிற பக்கமாக.

மகாதேவன் கதவின் கைப்பிடியில் கையை வைத்தான். இரும்பு சில்லிட்டது.

“டேய் மகா! உன்ர கை, வா!” வீட்டுக்குள்ளிருந்து யோகேஸ்வரன் கத்தினான். முன்னூற்றி நாலு என்கிற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மகாதேவன் கைப்பிடியை விட்டுவிட்டு உள்ளே போனான். அன்றைக்கு நல்ல சீட்டு வந்து, அவன் வென்றும் விட்டான்.

திங்கட்கிழமை விருந்தாளிகள் புறப்பட்ட பிறகு கொட்டிலைத் திறந்தான். முதலில் நாற்றம் வந்தது. பாதி கரைந்த எலி காகிதத்தில் கிடந்தது. மேபல் குமிழ்கள் இருந்த கம்பிக்கூட்டை ஏழடி உடம்பாலும் சுற்றி இறுக்கிக்கொண்டு கிடந்தாள். எரியாத குமிழ்கள். அவளைப் பிரித்து எடுக்க அவனுக்கு அரைமணி நேரம் எடுத்தது. அழுதுகொண்டேதான் எடுத்தான். எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தான். வெறும் பெட்டியைத் திரும்ப முன்னறையில் வைத்துக் கண்ணாடிக்குத் துணி போட்டு மூடினான். சந்திரவதனாவிடம், பாம்பு குளிர்காலத்து நித்திரையில் கிடக்கிறது என்றான்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். பெல்ட்டன் தலையணையில் சாய்ந்திருந்தார், முகம் மெழுகாய் வெளுத்திருந்தது. வேறெதையும் அவர் கேட்கவில்லை.

“அவள் சூடாக இருக்கிறாளா?”

“இருக்கிறாள்,” என்றான் மகாதேவன்.

அந்த வாரத்திலிருந்துதான் தொடங்கியது. முதலில் வெந்நீர்ப் போத்தல். சந்திரவதனாவின் காலடியில் கொதிக்கக் கொதிக்க நிரப்பி வைத்தால், பத்து நிமிடத்தில் பனிக்கட்டியாகிவிடும். றப்பர் பழசு என்று புதியது வாங்கினார்கள். அதுவும் அப்படியே. பிறகு சோறு. அப்போதுதான் இறக்கிய பானையைத் திறந்தால் நேற்றுச் சமைத்த சோறு மாதிரி விறைத்துக் கிடக்கும். பானையைச் சுற்றிக் குசினி மேசையில், வட்டமாக ஓர் ஈரத்தடம்.

“காஸ் சரியில்லைப் போல,” என்பாள் அவள்.

“ஓம், சொல்லிச் செய்விக்கிறன்,” என்பான் அவன்.

யாரிடம் சொல்லி எதைச் செய்விப்பது?

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வெளியே நல்ல வெளிச்சம், பக்கத்து வளவில் யாரோ புல் வெட்டுகிற இயந்திரச் சத்தம். சந்திரவதனா முன்னறையில் காஸ் ஹீட்டருக்குப் பக்கத்தில் சாய்கதிரையில் கண்ணயர்ந்திருந்தாள். ஏழு மாத வயிறு கம்பளிப் போர்வைக்குக் கீழே மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மகாதேவன் தேத்தண்ணீர்க் கோப்பைகள் இரண்டையும் இரண்டு கைகளில் ஏந்தி வாசலில் வந்து நின்றான்.

அவள் கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

“இஞ்சருங்கோ... கையை எடுங்கோ. பாரமாக் கிடக்கு.”

அவன் அசையவில்லை.

“வயித்தில வைக்காதேங்கோப்பா. குளிருது.”

போர்வை அவள் வயிற்றைச் சுற்றிப் பள்ளமாக அமுங்கியிருந்தது. ஒரு சுற்று. அதற்கு மேல் இன்னொரு சுற்று.

பள்ளம் மெல்ல நகர்ந்தது.

கோப்பைகள் கீழே விழுந்து உடைந்தன. அவள் திடுக்கிட்டு எழுந்தாள். போர்வை சாதாரணப் போர்வையாகிவிட்டது. மகாதேவன் ஓடிப்போய்ப் பெட்டியின் துணியை இழுத்தெறிந்து, குமிழ்களை ஏற்றினான். பெட்டி வெறுமையாக இருப்பதை அவள் அப்போதுதான் கண்டாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். கொட்டிலைச் சொன்னான், கண்ணாடியில் கேட்ட சத்தத்தைச் சொன்னான், ஆடி வென்ற சீட்டையும் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்தவள் வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“கொட்டிலுக்குள்ள வையுங்கோ எண்டு சொன்னது நான்தானே,” என்றாள் கடைசியில். “அந்த மனுசனுக்கு உண்மையைச் சொல்லுங்கோ. நாளைக்கே போங்கோ. அவர் ஏசட்டும், எங்களை வெளியில போகச் சொல்லட்டும். மனசார மன்னிப்புக் கேளுங்கோ. பிள்ளை வரப்போகுது.”

அன்றிரவு முழுவதும் பெட்டியில் குமிழ்கள் எரிந்தன. வெந்நீர்ப் போத்தல் விடியும்வரை சூடாக இருந்தது. காலையில் பார்த்தபோது, கம்பிக்கூட்டின் கீழே காகிதம் வட்டமாக அமுங்கிக் கிடந்தது.

மகாதேவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டிய வசனத்தை மனப்பாடம் செய்தான். பெல்ட்டன் பாதியாகியிருந்தார், புண்ணில் கிருமி புகுந்துவிட்டது என்றாள் தாதி. அவர் மகாதேவனின் கையைப் பற்றிக்கொண்டார்.

“ஒன்றும் சொல்லாதே. இரவு இங்கே கிடந்து யோசிப்பேன். அவளை நீ பார்த்துக்கொள்கிறாய் என்று நினைத்தால் நித்திரை வருகிறது. இன்றைக்கு அவளைத் தூக்கினாயா?”

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். அந்த வசனம் எங்கோ போய்விட்டது.

“தூக்கினேன்,” என்றான். “நல்ல பாரம்.”

கிழவர் சிரித்தபடியே கண்ணை மூடினார். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே வீட்டுக்கு வந்த மகாதேவன், சொல்லிவிட்டேன் என்றும் அவர் மன்னித்துவிட்டார் என்றும் சந்திரவதனாவிடம் சொன்னான். பொய் இப்போது அவனுக்கு நன்றாகப் பழகிவிட்டது.

செத்தவீடு முடிந்து, பெல்ட்டனின் மகள் ரூத் வீட்டை விற்க வந்தாள். தகப்பனார் ஆஸ்பத்திரிக் காகிதத்தில், நடுங்குகிற எழுத்தில் எழுதிய ஒரு துண்டை மகாதேவனிடம் தந்தாள். ‘மேபலை மகாதேவனுக்கும், பிறக்கப்போகிற அவன் பிள்ளைக்கும் தருகிறேன். அவர்களுடைய சூட்டில் அவள் நன்றாக இருப்பாள்.’

அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். யாருக்கும் காட்டவில்லை. பெட்டியைக் கோடரியால் கொத்திக் குப்பையோடு எரித்தான். அந்த வாரமே ஓக்லியில் புதிதாகக் கட்டிய மாடிவீட்டுக்குக் குடிபோனார்கள். செங்கல் வீடு. அங்கே வெந்நீர்ப் போத்தல் சூடாகவே இருந்தது, சோற்றிலிருந்து ஆவி பறந்தது. போன வீட்டோடு பீடை போய்விட்டது என்று சந்திரவதனா பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினாள். செப்டெம்பரில் பெண் குழந்தை பிறந்தது. மகாதேவன் பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

ஆறாம் வாரம், குழந்தையை நிறுக்கக் குழந்தைநல நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சன்னலால் வெயில் விழுகிற சின்ன அறை, பவுடர் வாசனை. வெள்ளை உடுப்புத் தாதி துவாயை விரித்துக் குழந்தையைத் தராசில் கிடத்தினாள். முள் ஓடி நின்றது. அவள் புருவத்தை உயர்த்தினாள்.

“நன்றாகச் சாப்பிடுகிறாள் போலிருக்கிறது. ஆனால் பாதம் ஏன் இப்படிக் குளிர்ந்திருக்கிறது? காலுக்கு மேஸ் போடுங்கள்.”

சந்திரவதனா பையில் மேஸ் தேடினாள். தாதி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

முள் பாதி தூரம் இறங்கியது.

பிறகு நின்றுவிட்டது.

தாதி தராசை விரலால் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். “பழுதாகிவிட்டது,” என்றாள். வெறுந்தட்டில் கிடந்த துவாய் நடுவில் வட்டமாக அமுங்கியிருந்ததை மகாதேவன் மட்டும் பார்த்தான்.

“பிடியுங்கள், அப்பா,” என்று தாதி குழந்தையை அவன் கைகளில் வைத்தாள்.

துவாய் மெல்ல நிமிர்ந்தது.

முள் பூச்சியத்துக்கு இறங்கியது.

அவன் கைகள் தாழ்ந்தன. குழந்தையின் போர்வைக்கு அடியில் ஏதோ ஒன்று மணிக்கட்டைச் சுற்றி, சட்டைக் கைக்குள் நிதானமாக நுழைந்தது.

சந்திரவதனா மேஸை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

“என்னப்பா? பிள்ளை பாரமா இருக்கே?”

“இல்லை,” என்றான் மகாதேவன்.