கடைசி வரிசைக் குழாய்கள்

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். அது தினமும் நடப்பதுதான். சன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் அடுப்பின் சுடர் பட்டறைக் கதவுப் பக்கமாகச் சாய்ந்தே எரிந்தது, அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்து மெல்ல உறிஞ்சுவதைப் போல. அதுவும் கொஞ்ச நாளாகத் தினமும் நடப்பதுதான். பால் பொங்கியது. அணைத்தான்.

கதவுக்கு அந்தப் பக்கம் மாமனாரின் பட்டறை. குழாய் ஆர்கன் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். அவர் செய்த கடைசி ஆர்கன் அங்கேயே நிற்கிறது. ஒரு அறையளவு மரக்கூடு, அதற்குள் விரல் நீளத்திலிருந்து ஆள் உயரம் வரை வரிசை வரிசையாக ஈயக் குழாய்கள், அடியில் காற்றை நிரப்பி வைக்கும் தோல் துருத்தி. அவர் போய்ச் சேர்ந்தபோது ஒரே ஒரு வரிசை பாக்கி. அதை மகள் முடித்தாள். மகள் என்றால் இவன் மனைவி. முடித்த கையோடு அவளும் போய்விட்டாள்.

நாளை அருங்காட்சியகத்து லாரி வருகிறது. பிரித்துக் கொண்டுபோனால் திரும்பப் பூட்ட வருஷங்கள் ஆகலாம். அதனால் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு குழாயின் ஒலியையும் பதிவு செய்யச் சொல்லியிருந்தார்கள். பின்னால் வருகிறவர்கள் கேட்க வேண்டுமாம். மற்ற வரிசைகளெல்லாம் பதிவாகிவிட்டன. கடைசி வரிசை மட்டும் வாய் திறக்கவில்லை. அது பேசாவிட்டால் அருங்காட்சியகத்தில் அவள் அப்பா இருப்பார். அவள் இருக்கமாட்டாள்.

மச்சான் வந்தார். அவளுடைய அண்ணன். மருந்துக் கம்பெனிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே ஆரம்பித்தார்.

"என்ன மாப்ள, பேயறைஞ்ச மாதிரி இருக்க? தூங்குறியா இல்லியா?"

"தூங்குறேன் மச்சான்."

"எங்க, ஆபீஸ்லயா?"

இவன் சிரித்து வைத்தான். மச்சானின் சிரிப்பும் அதிக நேரம் நிற்கவில்லை. பையைக் கழற்றிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி கேட்டார்.

"கடைசியா அவ என்னையத்தான கேட்டா?"

"ஆமா மச்சான். அண்ணன் சாப்பிட்டாச்சான்னு கேட்டா."

"அவ அப்படித்தான்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி வா, வேலையப் பாப்போம்."

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே உட்கார்ந்து, ஆர்மோனியத்தில் போல, கட்டையை அமுக்க வேண்டும், இன்னொருவர் கூட்டுக்குள் குழாய்களோடு இருக்க வேண்டும். பதிவு ஓடும்போது பேசக்கூடாது, உள்ளேயிருப்பவர் மரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் 'அடுத்தது' என்று அர்த்தம். அவள் இருந்தவரை உள்ளே அவள், வெளியே இவன். ஏதாவது குழாய் திக்கினால் உள்ளேயிருந்து கத்துவாள். எப்போதும் அதே இரண்டு வார்த்தை. இவன் எழுந்துபோய்த் துருத்தியின் மேல் இன்னொரு இரும்புக்கட்டியை ஏற்றுவான், அழுத்தம் கூடும், குழாய் பேசும்.

இன்று உள்ளே இவன். குனிந்து நுழைந்தான்.

பிசினும் பழைய தோலும் ஈயமும் கலந்த வாசனை, அதோடு தூசி, கூட்டின் இடுக்குகள் வழியே வந்து குழாய்களின் மேல் கோடு கோடாகக் கிடந்த சாம்பல் நிற வெளிச்சம், கீழே எங்கோ துருத்திக்குக் காற்றடிக்கும் மோட்டாரின் ஓயாத முனகல், இவற்றுக்கெல்லாம் நடுவே கடைசி வரிசைக் குழாய்களின் வாயிலிருந்து மட்டும் இருமல் மருந்தின் இனிப்பு வாசனை வந்துகொண்டிருந்தது. காரணம் இவனுக்குத் தெரியும். புதுக் குழாய்க்கு முதலில் ஆள் மூச்சு, அப்புறம்தான் மோட்டார் காற்று என்பது மாமனாரின் பிடிவாதம். மகளுக்கும் அதே பிடிவாதம். படுக்கையில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து, ஒவ்வொரு குழாயாக வாயில் வைத்து ஊதினாள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டாள். போதும் என்று இவன் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. கடைசிக் குழாயை ஊதி முடித்த அன்றுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

மச்சான் கட்டையை அமுக்கினார். அடைப்பான் திறக்கும் 'டக்' மட்டும் கேட்டது. குழாய் பேசவில்லை. அடுத்தது. டக். அடுத்தது. டக்.

சற்று நேரத்தில் வெளியேயிருந்து எரிச்சலான குரல்.

"எத்தன தடவடா கத்துவ? இருக்குற இரும்பையெல்லாம் ஏத்தியாச்சு. இனிமே நானேதான் ஏறி உக்காரணும். உனக்கென்ன, தொண்டை கட்டிருச்சா? கொரலே மாறிப் போச்சு."

"நான் ஒண்ணும் கத்தலியே மச்சான்."

மச்சான் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி சரி. டீ வாங்கிட்டு வரேன்," என்றார். மோட்டாரை அணைத்தார். வாசல் கதவு சாத்தும் சத்தம்.

மோட்டார் நின்றால் துருத்தி பெருமூச்சு விட்டபடி இறங்கும். இவன் அதற்காகக் காத்திருந்தான்.

இறங்கவில்லை.

தோல் இழுபடும் சத்தம் கேட்டது. இரும்புக்கட்டிகள் ஒன்றோடொன்று லேசாக உரசின. துருத்தி ஏறிக்கொண்டிருந்தது.

காற்று வருகிறதா என்று பார்க்க வைத்திருந்த மெல்லிய காகிதத் துண்டை ஒரு குழாயின் வாயருகே பிடித்தான். வெளியே பறக்க வேண்டும். உள்ளே வளைந்தது. பக்கத்துக் குழாய். உள்ளே. அதற்கடுத்ததும். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காகிதம் விரலிலிருந்து நழுவி அந்த வாய்க்குள் போய்விட்டது.

ஓடியிருக்கலாம். அலுப்பாக இருந்தது. நாளைக்கு லாரி. அவள் பெயருக்கு எதிரே 'ஒலி இல்லை' என்று யாரோ எழுதுவார்கள். ஒரு மூச்சுதானே என்று நினைத்தான். முதல் குழாயை உருவி எடுத்து, அதன் அடிமுனையை உதட்டில் வைத்து ஊதினான்.

குழாய் பேசியது.

பேச ஆரம்பிக்கும் முன் அவள் தொண்டைக்குள் 'ம்' என்பாள். அந்த ஒலி. இவன் ஊதுவதை நிறுத்தினான். ஒலி நிற்கவில்லை. குழாயை உதட்டிலிருந்து பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அதன் குழியில் செருகினான். வெளியே போகத் திரும்பினான். கூட்டின் சின்னக் கதவு தானாக உள்ளே இழுபட்டு மூடிக்கொண்டது.

"மாப்ள!" மச்சான் வந்துவிட்டார். "பேசுதுடா! வாசல் வரைக்கும் கேக்குது! மைக்கப் போடு, நான் ஒவ்வொண்ணா அமுக்குறேன்!"

மோட்டாரின் முனகல் இல்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

முதல் கட்டை. ஒலி எழுந்தது. இவன் நெஞ்சு காலியானது.

வேண்டாம் மச்சான். சொல்வதற்குக் காற்று வேண்டும். வாய் மட்டும் அசைந்தது. கதவைத் தள்ளினான். அசையவில்லை. உள்ளங்கையால் மரத்தில் தட்டினான்.

ஒரு தட்டு.

அடுத்த கட்டை.

முழங்கால் மடங்கியது. காலையிலிருந்தே அணைக்காத மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. தெளிவாக. தட்டினான்.

அடுத்தது.

இருமல் மருந்தின் வாசனை. முகத்துக்கு வெகு அருகில். தட்டினான்.

அடுத்தது.

தட்டினான்.

"அப்பா இருந்தா துள்ளிக் குதிச்சிருப்பாருடா," என்றார் மச்சான். அவர் குரல் உடைந்திருந்தது. கடைசிக் கட்டையை அமுக்கி, விட்டார். "அவ்வளவுதான். வரிசை முடிஞ்சுது. போதுமா மாப்ள?"

இவன் தரையில் கிடந்தான். மேலே வரிசை முழுவதும், எல்லா வாய்களும், ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தன.

அவள் அண்ணனைப் பற்றிக் கேட்கவே இல்லை. அன்று ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் முகமூடியைப் பிடுங்கி எறிந்து, இவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தன் முகத்தருகே இழுத்து அவள் கடைசியாகச் சொன்னது, பட்டறையில் எப்போதும் சொல்லும் அந்த இரண்டு வார்த்தைதான். இப்போது குழாய் வரிசையிலிருந்து மச்சானுக்கு அதே பதில் போயிற்று.

"காத்து பத்தல."