அம்பு ஒன்றைக் காணவில்லை!

"ஐயோ... ரத்தினசாமீ!"

ஆம்பூர் தோல் கம்பெனியே அலறியது. கழிவுநீர்த் தொட்டியிலிருந்து பிணத்தைத் தூக்கினார்கள்.

விஷவாயு!

இன்ஸ்பெக்டர் அருணகிரி கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே ரத்தினசாமியின் மனைவி எல்லம்மா.

"வாயு ஏறினா சைரன் அடிக்கணுமாமே... ஏன் அடிக்கல?" என்றார் அருணகிரி.

நெல்வின் எழுந்து நின்றான். சைரனை அடிக்க வைக்கும் சாஃப்ட்வேரை எழுதியவன் அவன்தான்.

"அடிச்சிருக்கும் சார். அந்தாளு சரக்கு ஜாஸ்தியா போட்டிருப்பான்..."

"பொய்யி! என் ஊட்டுக்காரரு குடிச்சதே இல்ல சார்!"

நெல்வினுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. தடித்த மேனுவலை விரித்தான்.

"பாருங்க சார். வாயுவை அளக்குற மீட்டர்லேர்ந்து கம்ப்யூட்டர்... கம்ப்யூட்டர்லேர்ந்து சைரன். அம்புக்குறி இருக்கா?"

"நீ வரைஞ்ச படமே உனக்கு சாட்சியா?"

"நான் வரையல சார்! சாஃப்ட்வேரைப் படிச்சு தானா படம் போட ஒரு புரோகிராம் எழுதி வெச்சிருக்கேன். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது!"

"எப்ப போட்டுச்சு?"

"போன வருஷம்..."

"இப்ப போடச் சொல்லு."

அவ்வளவுதானே? நெல்வின் பட்டனைத் தட்டினான். பிரிண்டர் கிறீச்சிட்டது.

மீட்டர்... அம்பு... கம்ப்யூட்டர்...

சைரன் கட்டம் ஓரமாகத் தனியே நின்றது. அம்பைக் காணோம்!

"யாரோ வெட்டிட்டாங்க சார்! இது கொலை! கடைசியா கை வெச்சவன் பேரு கட்டத்துக்குக் கீழயே இருக்கும்..."

குனிந்தான். முகம் செத்துப்போனது.

போன மாதம் ஜெர்மன்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வந்த நாள். "சைரன் கத்துனா ஆர்டர் போச்சு... நிறுத்து!" என்றார் மேனேஜர் சுந்தர்ராஜ். ஒரு மணி நேரம்தானே என்று நெல்வின்தான் சைரன் இணைப்பை வெட்டினான். அப்புறம் விருந்து, பிரியாணி. திரும்பச் சேர்க்க மறந்தே போனான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. செத்தவனையா குடிகாரன் என்றோம்! எல்லம்மாவை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"யாரு பேரு தம்பி போட்டிருக்குது?" அவள்தான் கேட்டாள்.

"எ... என் பேருதாம்மா. அவரு குடிக்கலம்மா... மேனேஜர் நிறுத்தச் சொன்னாருன்னு நான்தான் வெட்டினேன்..."

எல்லம்மா அந்தக் காகிதத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். அடித்திருந்தால் கூடத் தேவலாம் என்றிருந்தது அவனுக்கு.

"மேனேஜரையும் ஜீப்ல ஏத்துங்கய்யா!" அருணகிரி நெல்வினின் தோளில் கை வைத்தார்.

"வாடா. அந்தப் புரோகிராமையும் எடுத்துக்க... எங்க ஸ்டேஷன்ல யாரும் இவ்ளோ சீக்கிரமா குத்தவாளியப் புடிச்சதில்ல!"